சமம் கேட்கிறவர்கள் சலுகையும் கேட்கலாமா?

கேள்வி இதுதான்: "சட்டம் ஆணையும் பெண்ணையும் ஒன்றுபோல நடத்தினால் போதும் என்று சொல்கிற தாராளவாதப் பெண்ணியம் உண்மையில் எதைச் சாதித்தது? ஒரு பக்கம் சமம் என்று சொல்லிவிட்டு இன்னொரு பக்கம் மகப்பேறு விடுப்பு, தனி ஏற்பாடு என்று கேட்பது முரண்பாடு ஆகாதா?"

இரண்டாவது பாதியில் நியாயம் இருக்கிறது. ஆனால் முதல் பாதியைச் சரியாகப் பிடித்தால்தான் இரண்டாவதற்குப் பதில் கிடைக்கும். அதனால் கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வகைப் பெண்ணியம் ஓட்டு, படிப்பு, வேலை என்று ஒவ்வொன்றாகப் பெண்களுக்கு வாங்கிக் கொடுத்தது என்பதுதான் பாடப்புத்தகக் கதை. பொய்யில்லை. 1867இல் இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்கு வாக்குரிமை மசோதா வந்தபோது தத்துவவாதியும் அந்த நாடாளுமன்ற உறுப்பினருமான ஜான் ஸ்டூவர்ட் மில் ஒரே ஒரு சொல்லை மாற்றச் சொன்னார்: 'ஆண்' என்று இருக்கும் இடத்தில் 'நபர்' என்று போடுங்கள். 73 பேர் ஆதரித்தார்கள், 196 பேர் எதிர்த்தார்கள். திருத்தம் தோற்றது. பெண்ணுக்கு மறுக்கப்பட்டதைக் கேட்கும் சண்டை அது, புரிந்துகொள்வது சுலபம். இருபதாம் நூற்றாண்டில் இந்தப் பெண்ணியவாதிகள் கோர்ட் படி ஏறியபோது எதிரில் நின்றவை பெரும்பாலும் வேறு மாதிரிச் சட்டங்கள். பெண்ணைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொண்ட சட்டங்கள்.

அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்தில் 1967இல் சாலி ரீட் என்பவரின் பதின்ம வயது மகன் இறந்துபோனான். பெற்றோர் ஏற்கெனவே பிரிந்தவர்கள். பையன் விட்டுப்போன சொத்து ஆயிரம் டாலர்கூடத் தேறாது: ஒரு க்ளாரினெட், கொஞ்சம் இசைத்தட்டுகள், சிறு சேமிப்பு. அதை நிர்வகிக்கும் பொறுப்பைக் கேட்டு அம்மாவும் மனு போட்டார், அப்பாவும் போட்டார். சம தகுதியுள்ள இருவர் கேட்டால் ஆணுக்கே முன்னுரிமை என்று அந்த மாநிலச் சட்டத்தில் ஒரு வரி இருந்தது. இரண்டு பேரில் யார் பொருத்தமானவர் என்று நீதிபதி விசாரிக்கவே வேண்டாம். விசாரணை வேலை மிச்சம். ஐடஹோ உச்ச நீதிமன்றமே அந்தக் காரணத்தை ஏற்றுக்கொண்டது.

1971 நவம்பரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்த வரியை வெட்டியது. பெண்ணுக்கு எதிரான பாகுபாடு என்று சொல்லி, அரசியல் சட்டத்தின் சமப் பாதுகாப்பு விதியின் கீழ் அந்த நீதிமன்றம் ஒரு சட்டத்தைச் செல்லாததாக்கியது அதுதான் முதல் தடவை. விதி சேர்க்கப்பட்டது 1868இல். நூறு வருடத்துக்கும் மேலாக அது பெண்களுக்காகப் பேசவே இல்லை. சாலி ரீட் தரப்பு எழுத்து வாதத்தை எழுதியவர், பிற்பாடு அதே நீதிமன்றத்தின் நீதிபதியான ரூத் பேடர் கின்ஸ்பர்க். அட்டையில் பாலி மரே, டோரதி கென்யன் என்ற இரண்டு மூத்த பெண் வக்கீல்களின் பெயரையும் போட்டார். அந்த இருவரும் அதில் ஒரு வரிகூட எழுதவில்லை. பல வருடம் முன்பே அதே வாதத்தை, யாரும் காது கொடுக்காத காலத்தில் சொன்னவர்கள் என்பதற்கான மரியாதை அது.

அடுத்து கின்ஸ்பர்க் செய்தது இன்னும் சுவாரசியமானது. ஆண் வாதிகளுக்காக வாதாடப் போனார். ஸ்டீபன் வீசன்ஃபெல்டின் மனைவி பாலா ஒரு ஆசிரியை; சம்பாதித்தவர், சமூகப் பாதுகாப்பு நிதிக்குச் சந்தா கட்டியவர். 1972இல் பிரசவத்தில் இறந்துபோனார். கைக்குழந்தையோடு நின்ற கணவர் உதவித்தொகை கேட்டார். அந்தத் தொகைக்குப் பெயரே 'தாய்க்கான உதவி'. கணவன் செத்தால் மனைவிக்கு உண்டு, மனைவி செத்தால் கணவனுக்குக் கிடையாது. இதில் அடிபட்டது யார்? ஸ்டீபனும் குழந்தையும் மட்டுமில்லை. பாலா கட்டிய சந்தாவும் அடிபட்டது. பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்த ஆண் ஆசிரியர் கட்டிய அதே சந்தா அவர் குடும்பத்தைக் காக்கும், பாலா கட்டியது காக்காது. 1975இல் ஒன்பது ஆண் நீதிபதிகள் இருந்த உச்ச நீதிமன்றம் ஸ்டீபன் பக்கம் தீர்ப்புச் சொன்னது, எதிர்ப்பு ஒன்றுமில்லாமல்.

ஆண் நீதிபதிகளை இளக்க ஆண் வாதியை நிறுத்திய தந்திரம் என்று இதைச் சொல்கிறவர்கள் உண்டு. தந்திரம் இருந்திருக்கலாம். ஆனால் வாதத்தின் உயிரே அங்குதான் இருக்கிறது. 'சம்பாதிப்பது ஆண், பார்த்துக்கொள்வது பெண்' என்று சட்டம் மனதுக்குள் ஒரு படம் வரைந்து வைத்துக்கொண்டு, அதற்குள் அடங்காத எல்லோரையும் தள்ளிவிடுகிறது. அந்தப் படத்தைக் கிழிப்பதுதான் இந்தப் பெண்ணியத்தின் வேலை. பெண்ணுக்கு எவ்வளவு கிடைத்தது என்ற கணக்கு அதற்கு அடுத்தபடிதான்.

சரி, நம்மூருக்கு வருவோம். நம் அரசியல் சட்டத்தில் சமத்துவம் 14, 15, 16ஆம் பிரிவுகளில் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. அமெரிக்கர்கள் நூறு வருடம் தேடிய வரி நமக்கு முதல் நாளிலிருந்தே கையில் இருந்தது. இருந்தும் சி.பி. முத்தம்மாவின் கதையைப் பாருங்கள். குடகில் பிறந்தவர், சென்னையில் மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தவர். தேர்வு எழுதி 1949இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண். கல்யாணம் ஆனால் வேலையை விட்டுவிடுவேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் சேர முடிந்தது. விதியும் அப்படித்தான் இருந்தது: பெண் அதிகாரி திருமணத்துக்கு முன் அரசின் எழுத்துமூல அனுமதி வாங்க வேண்டும், குடும்பப் பொறுப்பு வேலையைப் பாதிக்கும் என்று அரசு நினைத்தால் ராஜினாமா செய்யச் சொல்லலாம். ஆண் அதிகாரிக்கு இந்தத் தொந்தரவு எதுவும் இல்லை.

பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது முத்தம்மா உச்ச நீதிமன்றம் போனார். 1979இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர் கேட்ட கேள்வி ரொம்ப எளிமையானது: குடும்பப் பொறுப்பு பெண் அதிகாரியின் வேலைக்குத் தடை என்றால், ஆண் அதிகாரிக்கு மட்டும் குடும்பம் இல்லையா? ஆணும் பெண்ணும் எல்லா வேலையிலும் எல்லாச் சூழ்நிலையிலும் சமம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லவில்லை என்றும் அதே தீர்ப்பில் சேர்த்துக்கொண்டார். வேறுபாடு காட்டுகிறவர்தான் அதற்குக் காரணத்தைக் காட்ட வேண்டும் என்பது அவர் நிலை. வேடிக்கை என்னவென்றால், வழக்கு தள்ளுபடி ஆனது. விசாரணை நடப்பதற்குள் அரசு அவசர அவசரமாகப் பதவி உயர்வும் கொடுத்து, விதியையும் சரிசெய்யக் கிளம்பிவிட்டது. தோற்றுப்போன மனுவின் தீர்ப்பைத்தான் இன்றும் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம்.

இரண்டே வருடத்தில் அதே நீதிமன்றம் சறுக்கியது. ஏர் இந்தியாவின் விமானப் பணிப்பெண்களுக்கு ஒரு விதி: 35 வயதில் ஓய்வு, அல்லது வேலையில் சேர்ந்து நான்கு வருடத்துக்குள் கல்யாணம் செய்தால் வீட்டுக்கு, அல்லது முதல் கர்ப்பத்தோடு வீட்டுக்கு. இதில் எது முன்னால் வருகிறதோ அது. விமானத்தில் பணிசெய்த ஆண்களுக்கு ஓய்வு வயது 58. 1981இல் நர்கீஸ் மீர்சா வழக்கில் கர்ப்பத்தைக் காரணம் காட்டி வெளியே அனுப்புவது இந்தியப் பெண்மைக்கே அவமானம் என்று கடுமையாகச் சொல்லி அதை ரத்து செய்தார்கள். நல்லது. ஆனால் நான்கு வருடக் கல்யாணத் தடையை அப்படியே விட்டுவிட்டார்கள். பெண்ணுக்குப் பக்குவம் வரும், உடம்புக்கு நல்லது, குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்துக்கும் உதவும் என்றெல்லாம் காரணம். அதாவது, உன் நல்லதுக்குத்தான் சொல்கிறோம். வீட்டில் அத்தையும் பெரியப்பாவும் சொல்கிற அதே வசனம், தீர்ப்பு மொழியில்.

இந்த 'உன் நல்லதுக்குத்தான்' எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இந்திய தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. திருமணமான பெண்ணோடு உறவு வைத்த ஆண் குற்றவாளி. அந்தப் பெண் குற்றவாளி இல்லை, உடந்தை என்றுகூட வராது. ஒரு ஆண் இது பாகுபாடு என்று வழக்குப் போட்டார். 1954இல் உச்ச நீதிமன்றம் அரசியல் சட்டத்தின் 15(3)ஐ எடுத்துக் காட்டியது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அரசு தனி ஏற்பாடு செய்யலாம் என்பது அந்த உட்பிரிவு. ஆக, இது பெண்ணுக்கு ஒரு சலுகை, போய் வாருங்கள். அந்தச் சலுகையின் உள்ளே என்ன இருந்தது தெரியுமா? கணவனின் சம்மதம் இருந்தால் அது குற்றமே இல்லை. புகார் கொடுக்கும் உரிமையும் கணவனுக்குத்தான். தன் கணவன் வேறொருத்தியிடம் போனால் மனைவியால் இந்தப் பிரிவில் ஒன்றும் செய்ய முடியாது. வேலி தாண்டி வந்த பக்கத்து வீட்டுக்காரன் மேல் நிலத்துக்காரன் கொடுக்கும் புகார் மாதிரி. நிலத்துக்கு யாராவது தண்டனை கொடுப்பார்களா? அதனால்தான் பெண்ணுக்குத் தண்டனை இல்லை. இதைச் சலுகை என்று 1985இலும் 1988இலும் திரும்பத் திரும்பக் காப்பாற்றி, கடைசியில் 2018இல்தான் ஐந்து நீதிபதிகள் சேர்ந்து தூக்கி எறிந்தார்கள்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இன்னும் நெருக்கமான வழக்கு வசந்தா வழக்கு. தொழிற்சாலைகள் சட்டத்தின் 66ஆவது பிரிவு, பெண்கள் காலை 6 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையில்தான் ஆலையில் வேலை செய்யலாம் என்றது. 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையைச் செல்லாது என்றது. வெறுமனே தடையை எடுத்துவிட்டுப் போகவில்லை. போக்குவரத்து வசதி, ஓய்வறை, ஒரு ஷிப்டுக்கும் அடுத்த ஷிப்டுக்கும் போதிய இடைவெளி, பெண்கள் தனியாக இல்லாமல் குழுவாக வேலை செய்வது என்று நிபந்தனைகளை அடுக்கியது. யோசித்துப் பாருங்கள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் விடிய விடிய வார்டு சுற்றலாம். காசிமேட்டில் விடியும் முன்னால் மீன் ஏலத்துக்குக் கூடையோடு நிற்கலாம். அங்கெல்லாம் பெண்ணின் பாதுகாப்பைப் பற்றிச் சட்டத்துக்குக் கவலை வரவில்லை. மாதச் சம்பளமும் பி.எஃப்.பும் உள்ள மில் வேலை என்றதும் வந்துவிட்டது.

ஆனால் இந்தத் தீர்ப்பைக் கொண்டாடுகிறவர்கள் ஒரு விஷயத்தை லேசாகத் தாண்டிப் போகிறார்கள். ராத்திரி ஷிப்டுக்கு ஆள் வேண்டும் என்பது முதலாளிக்கும் வசதிதான். மேற்கு மாவட்டங்களின் பஞ்சாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் கிராமத்துப் பெண்களை விடுதியில் வைத்து, வெளியே விடாமல் ஷிப்ட் மாற்றி ஷிப்ட் வேலை வாங்கிய கதை நமக்குத் தெரியும். 'வேலை செய்யலாம்' என்ற உரிமை, 'மாட்டேன்' என்று சொல்லும் தெம்பு இல்லாதவருக்கு வேறு ஒன்றாக மாறிவிடுகிறது. இடதுசாரிப் பெண்ணியவாதிகளும் தலித் பெண்ணியவாதிகளும் தாராளவாதப் பெண்ணியத்தை இந்த இடத்தில்தான் பிடிக்கிறார்கள். அந்தப் பிடி சரியானது என்றே நினைக்கிறேன். ஆனால் அதற்குத் தீர்வு தடையைத் திரும்பக் கொண்டுவருவதா? சங்கம் வைக்கும் உரிமையும் தொழிற்சாலை ஆய்வாளரின் திடீர் வருகையும் அந்த விடுதிக்குள் போனால் போதாதா?

சொத்து விஷயத்திலும் இதே கதை. தமிழ்நாடு 1989இலேயே இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனைப் போலவே மகளுக்கும் பிறப்புரிமைப் பங்கு கொடுத்தது. மத்திய அரசு அதைச் செய்ய 2005 ஆனது. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் போட்ட தீர்மானம் அறுபது வருடம் கழித்துச் சட்டமானது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். அந்தச் சட்டத்தில் ஒரு விலக்கு இருந்ததை மட்டும் பெருமையோடு சேர்த்துச் சொல்லமாட்டோம்: 1989 மார்ச் 25க்கு முன்னால் கல்யாணம் ஆன மகளுக்குப் பங்கு இல்லை. அதே தேதிக்கு முன்னால் கல்யாணம் ஆன மகனுக்கு உண்டு. கட்டிக் கொடுத்த பெண் வேறு வீட்டுக்காரி என்ற படம் சட்டத்துக்குள்ளேயே அப்படியே உட்கார்ந்திருந்தது. 2005 திருத்தம்தான் அதைக் கழற்றியது.

சட்டம் சமமான பிறகு என்ன ஆனது? சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து பாருங்கள். வக்கீல் தொழிலில் நான் அடிக்கடி பார்க்கிற காட்சி: இரண்டு அண்ணன், ஒரு தங்கை. தங்கை பட்டுப் புடவை கட்டி வந்திருப்பார், ஏதோ விசேஷத்துக்கு வந்த மாதிரி. பத்திர எழுத்தர் விடுதலைப் பத்திரத்தை வேகமாகப் படிப்பார்: இன்ன சர்வே எண்ணில் எனக்குள்ள அவிபாக பாத்தியத்தை (பிரிக்காத பங்கை) என் சகோதரர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டேன். ஒரு தடவை ஒரு அம்மாவிடம், "பங்கு எவ்வளவு வரும்னு தெரியுமாம்மா?" என்று கேட்டேன். "தெரியும் சார். நாளைக்கு என் பொண்ணு சடங்குக்குத் தாய்மாமன் வந்து நிக்கணும்ல" என்றார். அவர் ஏமாந்தவர் இல்லை. கணக்குப் போட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். பெருவிரல் ரேகையை வைத்துவிட்டு, மை துடைக்கத் துணி தேடிக்கொண்டிருந்தார்.

இதைக் காட்டி, பாருங்கள், சட்டச் சமத்துவத்தால் ஒன்றும் ஆகாது என்பார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். முன்பெல்லாம் அந்தப் பிறப்புரிமைப் பங்கைப் பற்றித் தங்கையிடம் பேச்சே வராது. இப்போது அண்ணன்கள் வீடு தேடி வந்து, சாப்பிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்க வேண்டியிருக்கிறது. கையெழுத்து மறுக்கிற தங்கைகளும் இருக்கிறார்கள். பாகப்பிரிவினை வழக்குகளில் மகள்களே வாதிகளாக நிற்பதை எந்த சிவில் கோர்ட்டிலும் பார்க்கலாம்.

இனி உங்கள் முரண்பாட்டுக் கேள்வி. இது இந்தப் பெண்ணியத்துக்குள்ளேயே நடந்த சண்டை. கலிஃபோர்னியாவின் ஊனக் காப்பீட்டுத் திட்டம் (உடம்பு முடியாமல் வேலைக்குப் போக முடியாதவர்களுக்குப் பணம் தருவது) சாதாரண கர்ப்பத்தை விலக்கி வைத்திருந்தது. இது பாலினப் பாகுபாடே இல்லை, கர்ப்பமானவர், கர்ப்பமாகாதவர் என்றுதான் பிரித்திருக்கிறார்கள், இரண்டாவது கூட்டத்தில் பெண்களும் உண்டே என்றது 1974இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம். சிரிப்பு வந்தாலும், 'ஒன்றுபோல நடத்து' என்ற வாய்ப்பாட்டைக் கண்மூடிப் போட்டால் இப்படித்தான் விடை வரும். 1978இல் அமெரிக்க நாடாளுமன்றமே சட்டம் போட்டு, வேலை இடத்தில் கர்ப்பத்தைக் காட்டிப் பிரிப்பதும் பாலினப் பாகுபாடுதான் என்றது. பிறகு கலிஃபோர்னியா கர்ப்பிணிகளுக்கு நான்கு மாதம் வரை விடுப்பைக் கட்டாயமாக்கியபோது பெண்ணியவாதிகள் இரண்டு அணியாகப் பிரிந்து கோர்ட்டில் நின்றார்கள். ஒரு அணி, இது தேவை என்றது. மற்ற அணி, விடுப்பு தேவைதான், ஆனால் வேலை செய்ய முடியாமல் போகும் எல்லோருக்கும் கொடுங்கள், பெண்ணுக்கு மட்டும் என்றால் நாளைக்கு வேலைக்கே எடுக்கமாட்டான் என்றது. 1987இல் முதல் அணி வழக்கில் ஜெயித்தது. 1993இல் ஆண் பெண் இருவருக்கும் 12 வாரச் சம்பளமில்லா விடுப்பு என்று சட்டம் வந்தபோது இரண்டாவது அணியின் யோசனை ஜெயித்தது. சம்பளமில்லா என்பதுதான் அமெரிக்கக் கருமித்தனம்.

என் பதிலை இந்த இரண்டு அணிக்கும் நடுவில் வைப்பேன். பிள்ளை பெறுவது உடம்பில் நடக்கிற விஷயம். அது யாரும் மனதுக்குள் வரைந்த படம் இல்லை. அதற்கு விடுப்புக் கேட்பதில் முரண் எதுவுமில்லை. பெறாதவரின் உடம்பை அளவுகோலாக வைத்துக்கொண்டு, அதில் அடங்காததைச் சலுகை என்று பெயரிட்டதுதான் கோளாறு. நம் உச்ச நீதிமன்றம் 2021இல் ராணுவப் பெண் அதிகாரிகள் வழக்கில் இதை அழகாகப் பிடித்தது. நிரந்தரப் பணி கொடுக்கும் நேரத்தில், ஆண்களுக்கு ஐந்தாம் அல்லது பத்தாம் வருடத்தில் பார்த்த உடல்தகுதியை, பல வருடம் வாய்ப்பே மறுக்கப்பட்டு நடுவயதைத் தொட்ட பெண்களிடம் எதிர்பார்த்தார்கள். காகிதத்தில் ஒரே விதி. நீதிமன்றம் அதை மறைமுகப் பாகுபாடு என்றது.

ஆனால் பிள்ளையை வளர்ப்பது? அங்கே படம் திரும்ப வந்துவிடுகிறது. 2017இல் நம் மகப்பேறு விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமானது. இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு முழுச் சம்பளத்தையும் முதலாளியே தர வேண்டும். அப்பாவுக்குத் தனியார் துறையில் சட்டப்படி ஒரு நாள்கூட இல்லை. அப்படியானால் நேர்முகத் தேர்வில் இருபத்தெட்டு வயதுப் பெண்ணைப் பார்க்கும் மேலாளர் மனதில் என்ன ஓடும்? கல்யாணம் எப்போது என்று விசாரிக்கும் அந்தக் கேள்வியின் விலையை, சட்டமே அவர் கையில் எழுதிக் கொடுத்திருக்கிறது. செலவை அரசோ பொதுக் காப்பீடோ ஏற்று, ஒரு பகுதியை அப்பா எடுத்தே ஆக வேண்டும் என்று வைத்தால் அந்தக் கணக்கு மாறும்.

மத்திய அரசு ஊழியர்களின் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு இதைவிடப் பச்சையான உதாரணம். பெண் ஊழியருக்குப் பணிக்காலம் முழுவதற்கும் சேர்த்து 730 நாள். பிள்ளையின் பரீட்சைக்குக்கூட எடுக்கலாம். மனைவியை இழந்த, விவாகரத்தான, மணமாகாத ஆண் பெற்றோருக்கும் பின்னால் நீட்டினார்கள். மனைவி உயிரோடு கூடவே இருக்கும் அப்பாவுக்கு மட்டும் பூஜ்யம். ஸ்டீபன் வீசன்ஃபெல்டுக்கு 1975இல் கிடைத்ததுவரை நாம் வந்துவிட்டோம், அதாவது மனைவி செத்தால் நீயும் தாய்தான் என்பதுவரை. இந்த விதியை எதிர்த்து நாளைக்கு ஒரு அப்பா ரிட் மனு போட்டால் நான் அவர் பக்கம்தான் நிற்பேன். பெண்களின் சலுகையைப் பறிக்க வந்தவர் என்று அவரைத் திட்டுவார்கள், திட்டட்டும்.